ரோட் ஐலண்ட் அனுப்பிய ரெஜிமெண்டுகள்: தானாகப் போனவர்கள் எத்தனை பேர்?

ஆற்றோரம்
திங்கள், இரவு 9.10

ரோட் ஐலண்டின் தலைநகரான பிராவிடன்ஸுக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் இங்கத்திய சட்டமன்றக் கட்டிடத்தை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. போன வாரம் ஊரிலிருந்து வந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சலவைக்கல்லையும் குவிமாடத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பீரங்கி முன்னால் நின்றவன் நகரவில்லை.

வெண்கலப் பீரங்கி. 12 பவுண்டு குண்டு போடுகிற ‘நெப்போலியன்’ ரகம். வாய் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. நடுவில் ஒரு இரும்புக் குண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், தொண்டையில் கொட்டை சிக்கின மாதிரி நிற்கிறது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கி இது. அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தென்மாநிலங்களோடு வடமாநிலங்கள் போரிட்டன, ரோட் ஐலண்ட் வடக்கின் பக்கம். 1863 ஜூலை 3, பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க். ரோட் ஐலண்ட் முதல் இலகு பீரங்கி ரெஜிமெண்டின் ‘பி’ பிரிவு இந்தப் பீரங்கியோடு நின்றிருந்தது. வில்லியம் ஜோன்ஸ் குழலைத் துடைத்து முடிக்கிறார், ஆல்ஃபிரட் கார்ட்னர் குண்டை வாயில் வைக்கப் போகிறார். சரியாக அந்த நேரம் எதிரியின் வெடிகுண்டு பீரங்கியின் வாயிலேயே வந்து விழுந்தது. ஜோன்ஸ் நின்ற இடத்திலேயே இறந்தார். கார்ட்னருக்கு இடது கை தோளோடு போய்விட்டது, சற்று நேரத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தவர்கள் குண்டை எடுத்துத் திணித்துப் பார்த்தார்கள், நெளிந்த வாய்க்குள் அது இறங்கவில்லை. கோடரியால் அடித்தும் பார்த்திருக்கிறார்கள். வெண்கலம் சூடு ஆறியதும் குண்டைக் கவ்விக்கொண்டது. 160 ஆண்டுக்கு மேல் ஆகியும் இன்னும் விடவில்லை. உள்ளே மருந்து அப்படியே கிடந்து, 1962-இல்தான் அதை வெளியே எடுத்தார்கள்.

1860 கணக்கெடுப்பின்படி ரோட் ஐலண்டின் மக்கள்தொகை 1,74,620. அமெரிக்காவிலேயே பரப்பில் மிகச் சின்ன மாநிலம். அங்கிருந்து நாலு வருஷத்தில் படைக் கணக்கில் ஏறியவர்கள் சுமார் 23,000 பேர். ஏறக்குறைய எல்லா ரெஜிமெண்டின் பெயரோடும் ‘தொண்டர்’ (வாலண்டியர்) என்ற சொல் ஒட்டியிருக்கிறது. இதில் எத்தனை பேர் உண்மையிலேயே தானாகப் போனார்கள்? மாமா கேட்ட கேள்வி இது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவணப்பூச்சி
திங்கள், இரவு 11.35

எப்படி ஆள் சேர்த்தார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். போர் தொடங்கியபோது அமெரிக்காவின் நிரந்தர ராணுவம் சுமார் 16,000 பேர்தான். அதிலும் பெரும்பாலானவர்கள் மேற்கே எல்லைக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். 1861 ஏப்ரல் 12-இல் தென் கரோலினாவில் மத்தியப் படை இருந்த சம்டர் கோட்டை மேல் தெற்கத்தியரின் குண்டு விழுந்தது. 15-ஆம் தேதி அதிபர் லிங்கன் 75,000 பேரை மூன்று மாதத்துக்குக் கேட்டார். கேட்டது மாநில ஆளுநர்களிடம். ஆள் திரட்டுவது, அதிகாரிகளை நியமிப்பது, சீருடை தைப்பது, ரயில் ஏற்றுவது எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் கணக்கில் சேர்ப்பார்கள்.

ஒரு ரெஜிமெண்டுக்கு 10 கம்பெனி, கம்பெனிக்குச் சுமார் 100 பேர். ஒரு கம்பெனி என்பது பெரும்பாலும் ஒரே ஊர், அல்லது பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ரோட் ஐலண்டின் ஆளுநர் வில்லியம் ஸ்ப்ரேக்குக்கு அப்போது 30 வயது. பருத்தி ஆலைக் குடும்பம். நியூயார்க்கில் ரயில்வே கம்பெனி வேலையில் இருந்த ஆம்புரோஸ் பர்ன்சைடுக்குத் தந்தி அடித்து வரவழைத்து முதல் ரெஜிமெண்டுக்குக் கர்னல் ஆக்கினார். ஏப்ரல் 20-ஆம் தேதி பாதிப் படை பிராவிடன்ஸை விட்டுப் புறப்பட்டுவிட்டது. அழைப்பு வந்து ஐந்தே நாள்! நீலத் தொளதொளச் சட்டை, சுருட்டித் தோளில் போட்ட சிவப்புக் கம்பளிப் போர்வை. அந்தப் போர்வையின் நடுவில் ஒரு கிழிசல் விட்டிருந்தார்கள், மழை வந்தால் தலையை நுழைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆளுநரும் கூடவே போனார். ஜூலை 21-இல் வர்ஜீனியாவில் நடந்த புல் ரன் சண்டையில் அவர் ஏறியிருந்த குதிரை குண்டடி பட்டு விழுந்தது.

இவர்கள் தானாகப் போனவர்கள், எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. 1863, 64-இல் சேர்ந்தவர்களைப் பற்றித்தான் பேச நிறைய இருக்கிறது.

கரிசல்காடு
செவ்வாய், காலை 6.50

பூச்சி அண்ணே, எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆலை முதலாளியே ஆளுநர், அவரே படைக்கு ஆள் எடுக்கிறார். தெற்கிலிருந்து பஞ்சு வருவது நின்றால் ஆலை என்ன ஆகும்? வேலை போன கூலிக்காரன் மாசம் இத்தனை டாலர், மூணு வேளை சோறு என்றால் போகத்தானே செய்வான். வயிற்றுப்பாட்டுக்குப் போனவனைத் தொண்டன் என்று எழுதி வைப்பது ஆண்டவர்களுக்கு வசதி.

பஞ்சு என்றதும் ஒன்று. இந்தப் போர் எங்கள் கோவில்பட்டிப் பக்கக் கரிசலையும் தொட்டது. அமெரிக்கப் பஞ்சு நின்றுபோய் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்தபோது திருநெல்வேலிப் பஞ்சுக்குத் திடீர்க் கிராக்கி. தூத்துக்குடி வழியாகப் பொதி பொதியாகக் கப்பல் ஏறியது. 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. யாருடைய சண்டையோ, எங்கள் சந்தையில் ஏற்றமும் இறக்கமும்.

வண்ணத்தறி
செவ்வாய், காலை 10.15

கரிசல்காடு தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தறிக்காரக் குடும்பம் என்பதால் இந்த மாநிலத்தின் துணியைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். ரோட் ஐலண்டின் தெற்குப் பகுதியில் பீஸ் டேல் போன்ற ஊர்களின் ஆலைகள் ஒரு முரட்டுத் துணி நெய்தன. பருத்திப் பாவு, மட்டக் கம்பளி ஊடை. கையில் எடுத்தால் சாக்கு மாதிரிச் சொரசொரவென்று இருக்குமாம். தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அளந்து கொடுக்கிற துணி அது. சந்தையில் அதன் பெயரே ‘நீக்ரோ துணி’. அடிமை பறித்த பஞ்சு வடக்கே வந்து, துணியாகி, அடிமையின் முதுகுக்கே திரும்பிப் போனது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கு அடிமைக் கப்பல் அனுப்பியதிலும் இந்தச் சின்ன மாநிலத்தின் வியாபாரிகள்தான் அமெரிக்காவில் முன்னால் நின்றார்கள்.

இவ்வளவும் இருந்த ஊரிலிருந்துதான் அந்த 23,000 பேரும் கிளம்பினார்கள். அதனால் அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊர் என்று தெரியாமல் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

பெண்களைப் பற்றியும் ஒரு வரி. கேடி பிரவுனல் என்று ஒரு தறிக்காரப் பெண். கணவர் முதல் ரெஜிமெண்டில் சேர்ந்ததும் இவரும் கூடவே கொடி தூக்கிப் போனார். பிறகு கணவரோடு ஐந்தாவது ரெஜிமெண்டில் வட கரோலினா வரை. 1884-இல் அவர் பெயருக்கே மாதம் 8 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது.

ஆவணப்பூச்சி
செவ்வாய், பிற்பகல் 1.20

அக்கா சொன்ன துணி விஷயத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது. நன்றி.

கரிசல்காடு, காசுக்காகப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் 1861-இல் சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 டாலர், அப்புறம் 13. அதுவும் ஒழுங்காக மாதாமாதம் வராது. பெரிய தொகை கைக்கு வந்ததெல்லாம் பின்னால்தான்.

ஒரு ஆளைச் சொல்கிறேன். எலிஷா ஹன்ட் ரோட்ஸ், பாடக்ஸெட் கிராமம், 19 வயது. அப்பா கப்பல் தலைவர், 1858-இல் கடலோடு போய்விட்டார். பையன் குமாஸ்தா வேலை பார்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். படையில் சேரப் போகிறேன் என்றபோது அம்மா முடியாது என்றார். பையனை விட்டால் வீட்டுக்கு யார்? பையன் பேசாமல் இருந்துவிட்டான். பிறகு அம்மாவே, மற்றத் தாய்மார்கள் அனுப்பும்போது நான் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மனசு மாறி அனுப்பினார். இரண்டாம் ரெஜிமெண்டில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, 1861 புல் ரன் சண்டையிலிருந்து, 1865-இல் தென்படை சரணடைந்த அப்போமாட்டக்ஸ் வரை இருந்து, 23 வயதில் அதே ரெஜிமெண்டின் கர்னலாக வீடு திரும்பினார். நாலு வருஷமும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்கள் இவரைக் கூலிக்குப் போனவர் என்று சொல்ல மாட்டார்கள்.

1863 மார்ச்சில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தபிறகு நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு. ஆள் வராவிட்டால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்தவர் 300 டாலர் கட்டி விலகலாம், அல்லது மாற்றாளைக் காசு கொடுத்து அனுப்பலாம். 300 டாலர் என்பது ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஓராண்டுக் கூலி. குலுக்கல் வரக் கூடாது என்று ஊர்களும் மாநிலங்களும் போட்டி போட்டுச் சேர்க்கைத் தொகை கொடுத்தன. வாங்கிக்கொண்டு ஓடி, வேறு ஊரில் வேறு பெயரில் மறுபடி சேர்ந்தவர்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு. இந்தக் காலத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். 1861-க்குப் பொருந்தாது.

முன்னாள் ஹவில்தார்
செவ்வாய், இரவு 8.05

எல்லோருக்கும் வணக்கம். நான் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன். படித்துக்கொண்டே வந்ததில் ஒரு கேள்வி. ஒரு ரெஜிமெண்டில் 1,000 பேர் போய், சண்டையிலும் காய்ச்சலிலும் 400 ஆகிவிட்டால், மிச்சம் 600 பேரை எப்படி நிரப்பினார்கள்? எங்களுக்கு நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே தயாராகி பட்டாலியன்களுக்குப் பிரிந்து போவோம். புதுசாகப் போகிறவனுக்கு இடதும் வலதும் பழைய ஆட்கள். நான் முதன்முதலாக மலைப் போஸ்டுக்குப் போனபோது ஒரு நாயக், ஈரமான காலுறையைக் கழற்றிச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் காயவைக்கச் சொல்லிக் கொடுத்தார். அது எந்தப் பாடத்திலும் கிடையாது. அது தெரியாமல் போயிருந்தால் எனக்குக் கால் விரல் மிஞ்சியிருக்காது. அவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆவணப்பூச்சி
புதன், காலை 7.00

ஐயா, இந்தப் போரின் மிகப் பெரிய தவறு எங்கே நடந்ததோ அங்கே நேராகக் கை வைத்துவிட்டீர்கள்.

பழைய ரெஜிமெண்டுகளை நிரப்பாமல் புதுசு புதுசாக ரெஜிமெண்ட் திரட்டிக்கொண்டே இருந்தார்கள். காரணம் வெளிப்படை. புது ரெஜிமெண்ட் என்றால் ஒரு கர்னல், ஒரு லெப்டினன்ட் கர்னல், ஒரு மேஜர், 10 கேப்டன்கள், 20 லெப்டினன்ட்டுகள். அத்தனை பதவியும் ஆளுநர் கையில். ஊரில் செல்வாக்கு உள்ளவர் 80 பேரைக் கூட்டி வந்தால் அவரே கேப்டன். பழைய ரெஜிமெண்டுக்கு ஆள் அனுப்பினால் ஆளுநருக்குக் கொடுக்கப் பதவி ஏது? விஸ்கான்சின் மாநிலம் மட்டும் பெரும்பாலும் பழைய ரெஜிமெண்டுகளுக்கே ஆள் அனுப்பியது. ஜெனரல் ஷெர்மன் பின்னாளில் எழுதும்போது, விஸ்கான்சின் ரெஜிமெண்ட் ஒன்றை மற்றவர்களின் பிரிகேடுக்கு, அதாவது பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த படைக்கு, சமமாகக் கணக்குப் போட்டோம் என்கிறார்.

ரோட் ஐலண்டில் 1862-இல் மட்டும் என்ன நடந்தது பாருங்கள். மே மாதம் வாஷிங்டனுக்கு ஆபத்து என்று 9-ஆவதும் 10-ஆவதும், மூன்று மாதத்துக்கு. செப்டம்பரில் 7-ஆவது, மூன்று வருஷத்துக்கு. அக்டோபரில் 11-உம் 12-உம், ஒன்பது மாதத்துக்கு. இதற்கிடையில் புல் ரன்னில் அடிபட்ட 2-ஆவது ஆள் குறைந்தபடியே கிடக்கிறது. 12-ஆவது ரெஜிமெண்ட் கணக்கில் சேர்ந்தது அக்டோபர் 13. சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 13-இல், வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் எதிரி பதுங்கியிருந்த கல்சுவரை நோக்கித் திறந்த மேட்டில் ஏறிப் போகச் சொன்னார்கள். பக்கத்திலேயே 7-ஆவதும் போனது. அதன் லெப்டினன்ட் கர்னல் வெல்கம் சேல்ஸ் பிராவிடன்ஸில் பத்திரிகை நடத்தியவர். அங்கேயே விழுந்தார். பதவிக்காக வந்தவர்கள் என்று எல்லோரையும் தள்ளிவிடவும் முடியாது. குண்டுக்கு முன்னால் அவர்களும் நின்றார்கள்.

முன்னாள் ஹவில்தார்
புதன், காலை 7.25

இரண்டு மாதமா! துப்பாக்கி நிரப்பவே ஒன்பது அசைவு என்று படித்திருக்கிறேன். அதைக் கை தானாகச் செய்ய வேண்டும். யோசித்துச் செய்தால் செத்தான்.

பச்சைமலை
புதன், இரவு 9.40

ஐயா, இரண்டு மாதம் பரவாயில்லை என்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. பக்கத்து மாநிலம் கனெக்டிகட். அதன் 16-ஆவது ரெஜிமெண்ட் 1862 ஆகஸ்ட் 24-இல் கணக்கில் சேர்ந்தது, செப்டம்பர் 17-இல் மேரிலாந்தில் ஆன்டீட்டம் சண்டையில் நின்றது. 24 நாள். துப்பாக்கியில் முதன்முதலாகக் குண்டு நிரப்பியதே சண்டைக்கு முந்தின நாள்தான். சோளக்காட்டுக்குள் நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து தெற்கத்தியத் தளபதி ஏ. பி. ஹில்லின் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் வடக்கத்திய நீலச் சட்டை போட்டிருந்ததால் யார் எதிரி என்றே பிடிபடவில்லை. அதே காட்டில் ரோட் ஐலண்டின் 4-ஆவதும் நின்றது. இரண்டும் சிதறின.

அந்த 16-ஆவதுக்கு விதி அதோடு விடவில்லை. 1864 ஏப்ரலில் வட கரோலினாவில் பிளிமத் என்ற ஊரில் ஏறக்குறைய முழு ரெஜிமெண்டும் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறை முகாமுக்குப் போனது. சரணடைவதற்கு முன் கொடியைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஆளுக்கு ஒரு துண்டாக உடம்பில் மறைத்துக்கொண்டார்கள். பசியிலும் வயிற்றுக்கடுப்பிலும் நிறையப் பேர் அங்கேயே செத்தார்கள். பிழைத்தவர்கள் வைத்திருந்த துண்டுகளைச் சேகரித்து, 1879-இல் ஒரு வெள்ளைப் பட்டுக் கொடியில் தைத்தார்கள். ஹார்ட்ஃபர்டில் சட்டமன்றக் கட்டிடத்தில் அது இருக்கிறது.

நான் வாழ்கிற வெர்மான்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன், ‘ஒரு கம்பெனி என்பது ஒரு ஊர்’ என்று பூச்சி எழுதியதிலிருந்து மனசில் அதுவே ஓடுகிறது. 1860-இல் இங்கே 3,15,098 பேர். மலை, பால்மாடு, ஆட்டுக் கம்பளி. நகரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. போருக்குப் போனவர்கள் 33,000-க்கும் மேல், இறந்தவர்கள் 5,000-க்கும் மேல். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டுச் சண்டையில் வெர்மான்ட் பிரிகேடு இரண்டே நாளில் 1,200-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது, இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக. எல்லாம் ஒரே மாநிலத்து ரெஜிமெண்டுகள், ஒரே வரிசை. அந்த வாரம் இந்த மலையோரக் கிராமங்களுக்குத் தந்தி வந்த நாளை நினைத்துப் பாருங்கள்.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தாங்காது. 1862 ஜூன் 29, சேவேஜ் ஸ்டேஷன் சண்டை. ஐந்தாவது வெர்மான்ட் ரெஜிமெண்டின் ‘இ’ கம்பெனி, மான்செஸ்டர் ஊர்ப் பையன்கள். 59 பேர் சண்டைக்குள் போனார்கள், 44 பேருக்கு அடி, அதில் 25 பேர் அங்கேயோ பிறகோ இறந்தார்கள். அந்தக் கம்பெனியில் கமிங்ஸ் என்ற ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் ஐந்து பேர், ஒரு ஒன்றுவிட்ட சகோதரர், ஒரு மைத்துனர். ஏழு பேரும் குண்டடி பட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஹென்றி ஒருவர்தான் பிழைத்தார். நான் மான்செஸ்டர் வழியாக அடிக்கடி கார் ஓட்டிப் போகிறேன். பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் காபி குடிக்க நிறுத்துகிற ஊர். இது தெரிந்தபிறகு எனக்கு அங்கே நிறுத்தத் தோன்றவில்லை.

வண்ணத்தறி
வியாழன், காலை 5.55

காலையில் எழுந்ததும் இதைப் படித்தேன். ஆறு பேர். அந்த அம்மா எப்படித் தாங்கினாளோ.

ஊரைத் திரட்டி ஒரே கம்பெனியாக நிறுத்துவது ஆள் சேர்க்கச் சுலபம். பக்கத்து வீட்டுப் பையன் போகும்போது நம் வீட்டுப் பையன் நிற்க மாட்டான், பக்கத்தில் தெரிந்த முகம் இருந்தால் ஓடவும் மாட்டான். ஆனால் விழுந்தால் ஊரே விழுகிறது. இதை யோசிக்காமலா செய்தார்கள்?

ஆற்றோரம்
வியாழன், இரவு 10.30

அக்கா, ஆரம்பத்தில் யாரும் யோசிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள்.

இன்று வேலை முடிந்து ஸ்வான் பாயின்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன், ஆற்றங்கரை ஓரமாக. இரண்டாம் ரெஜிமெண்டின் மேஜர் சல்லிவன் பலூ அங்கே இருக்கிறார். 32 வயது வழக்கறிஞர், மாநிலச் சட்டமன்றத்தில் அவைத்தலைவராக இருந்தவர். புல் ரன் சண்டைக்கு ஒரு வாரம் முன்னால், 1861 ஜூலை 14-இல், மனைவி சாராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டுக்குப் பட்ட கடனும் உன்மேல் உள்ள அன்பும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன என்று அதில் இருக்கும். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். தன் இரண்டு பையன்களுக்கும் அதே கதி வரப் போகிறதே என்ற பயம் வரிக்கு வரி தெரியும். 1990-இல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் அதை வாசித்தபிறகு நாடு முழுக்கத் தெரிந்த கடிதம் ஆகிவிட்டது.

பீரங்கிக் குண்டில் அவருக்குக் கால் சிதைந்து, வெட்டி எடுத்து, ஒரு வாரத்தில் இறந்தார். கர்னல் ஜான் ஸ்லோகமும் அதே சண்டையில் போனார். இருவரையும் சட்லி தேவாலயத்தின் பக்கத்தில் புதைத்தார்கள். 1862 மார்ச்சில் எதிரிப் படை அந்த இடத்தை விட்டுப் போனதும் ஆளுநர் ஸ்ப்ரேக் உடல்களைக் கொண்டுவர நேரிலேயே போனார். ஸ்லோகம் கிடைத்தார். பலூவின் குழி தோண்டப்பட்டிருந்தது. ஸ்லோகம் என்று நினைத்து எதிரிச் சிப்பாய்கள் அவரை எடுத்துத் தலையை அறுத்து எரித்திருந்தார்கள். சாம்பலும் எலும்புமாகத்தான் பிராவிடன்ஸ் வந்து சேர்ந்தார். சாரா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917 வரை வாழ்ந்தார். இப்போது பக்கத்திலேயே அவருக்கும் இடம்.

இறந்த அதிகாரிகளைத் தேடி ஆளுநரே மண்வெட்டிக்காரர்களோடு போவது சின்ன மாநிலத்தில்தான் நடக்கும். அவருக்கு இருவரையும் நேரில் தெரியும். ஆனாலும் பெயர் தெரியாத சிப்பாய்க்கு இப்படி யார் போனார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

கரிசல்காடு
வெள்ளி, காலை 6.30

1861 ஆட்களைப் பற்றி நான் சொன்னது அவசரம். ரோட்ஸின் அம்மாவும் இந்தக் கடிதமும் என்னை மாற்றிவிட்டன. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அடிமைத்தனம் பற்றிய போர் இது. கறுப்பின மக்கள் அந்த மாநிலத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் தானாகப் போக வந்தபோது என்ன நடந்தது?

ஆவணப்பூச்சி
வெள்ளி, பிற்பகல் 2.10

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. ஆற்றோரத்தின் மாமாவுக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

1861-இல் அவர்களைச் சேர்க்கவில்லை. சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதே மாநிலம் 1778-இல், விடுதலைப் போர்க் காலத்தில், சேரும் அடிமைக்கு விடுதலை என்று சொல்லி முதல் ரோட் ஐலண்ட் ரெஜிமெண்டில் அவர்களைத் திரட்டியிருந்தது. அந்த நினைவு இருந்தும் 83 வருஷம் கழித்துக் கதவு சாத்தியே இருந்தது. 1863-இல்தான் திறந்தது. ஆகஸ்டு முதல் திரட்டிய 14-ஆவது ரோட் ஐலண்ட் கனரகப் பீரங்கி ரெஜிமெண்ட் முழுக்கக் கறுப்பினத்தவர்கள். அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். நரகான்செட் விரிகுடாவில் டச்சு ஐலண்ட் என்ற சின்னத் தீவில் அவர்களுக்குப் பயிற்சி. அங்கே மண் கோட்டை கட்டியதும் அவர்கள்தான்.

மாநிலத்தின் கணக்கில் ஏறிய கறுப்பினச் சிப்பாய்கள் 1,837 பேர். 1860-இல் ரோட் ஐலண்டின் மொத்தக் கறுப்பின மக்கள்தொகை, கைக்குழந்தை முதல் கிழவிவரை, 3,952. அப்படியென்றால் இந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? நியூயார்க், கனெக்டிகட் என்று பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மாநிலத்தின் ஒதுக்கீட்டை நிரப்பியது வெளி மாநிலத்தவர்களின் உடம்பு. வெள்ளைக்காரப் பையன்கள் குலுக்கலிலிருந்து தப்பியதில் இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கணக்கை யாரும் விழாவில் பேசவில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், துணிக்குத் தனிப்படி. 1862 ஜூலைச் சட்டத்தின்படி கறுப்பினத்தவருக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். கையில் வருவது 7. சேரும்போது சம சம்பளம் என்று நம்பித்தான் வந்தார்கள். டெக்சாஸ் கடற்கரையில் எஸ்பெரான்சா கோட்டையில் இருந்தபோது சம்பள நாளில் அந்த 7 டாலரை வாங்க மறுத்தார்கள். வாங்க மறுத்ததிலிருந்து வளர்ந்த தகராறில் சிலர் மேல் கலகக் குற்றம் சாட்டி, ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, கடுங்காவல் கொடுத்தார்கள். 1864 ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. அவர்கள் கேட்டது நியாயம் என்று சட்டமே சொன்னது.

அப்புறம் லூசியானா. 1864 ஆகஸ்டில் பிளாக்மின் ஊருக்கு அருகே காவலில் இருந்த மூன்று பேரை எதிரிக் குதிரைப்படை பிடித்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. கறுப்பினச் சிப்பாயைக் கைதியாக நடத்தும் வழக்கம் அங்கே கிடையாது என்பது சேரும்போதே இவர்களுக்குத் தெரியும். இருந்தும் சேர்ந்தார்கள். ரெஜிமெண்டின் சாவுகளில் பெரும்பகுதி நோயால் வந்தது. சதுப்பு நிலம், காய்ச்சல், அம்மை.

குறைந்த சம்பளம், பிடிபட்டால் சாவு, கேள்வி கேட்டால் சிறை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் சேர்ந்தால் தொண்டர் என்ற சொல் அவருக்குத்தான் முதலில் பொருந்தும் என்பேன்.

வண்ணத்தறி
வெள்ளி, மாலை 4.45

பச்சைமலை, ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். வெர்மான்ட் அரசு தன் சிப்பாய்களுக்கு மத்தியச் சம்பளத்துக்கு மேல் மாதம் 7 டாலர் கூடுதலாகக் கொடுத்தது என்று படித்த ஞாபகம்.

பச்சைமலை
வெள்ளி, மாலை 5.20

ஆமாம் அக்கா. போர் தொடங்கியதுமே சட்டமன்றம் கூடி முடிவெடுத்தது. 13-உம் 7-உம் சேர்ந்து 20.

வண்ணத்தறி
வெள்ளி, மாலை 5.30

அங்கே மேல்வரும்படி 7. இங்கே மொத்தமே 7.

முன்னாள் ஹவில்தார்
வெள்ளி, இரவு 9.15

சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடாமல் வரிசையில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வீட்டில் அடுப்பு எரிய அந்தப் பணம்தான் வழி. அதிகாரி முன்னால் மேசையில் எண்ணி வைக்கிறார். கை நீட்டினால் கிடைக்கும். நீட்டாமல் நிற்க வேண்டும். நான் 22 வருஷம் சர்வீஸ் பார்த்தவன், எனக்கு அந்தத் துணிவு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஆற்றோரம் தம்பி, அந்தத் தீவை உங்களால் பார்க்க முடியுமா?

ஆற்றோரம்
ஞாயிறு, மாலை 6.50

ஐயா, இன்று போய்வந்தேன். தீவுக்குப் படகு இல்லாமல் போக முடியாது. ஆள் குடியிருப்பு கிடையாது. ஜேம்ஸ்டவுனில் ஃபோர்ட் கெட்டி பூங்காவின் கரையில் நின்றால் எதிரிலேயே தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் என்று தோன்றுகிற தூரம். முழுக்க மரம், தெற்கு முனையில் ஒரு சின்னக் கலங்கரை விளக்கம். காற்று பலமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. 1863 இலையுதிர் காலத்திலும் அடுத்து வந்த பனிக்காலத்திலும் இதே காற்றில் கூடாரம் அடித்து, மண் வெட்டி, பீரங்கி இழுத்துப் பழகியிருக்கிறார்கள். இங்கிருந்துதான் அவர்களில் ஒரு பகுதியினர் கப்பலில் டெக்சாஸ் பக்கம் போனார்கள்.

மாமாவுக்கு நேற்றே போன் போட்டு 14-ஆவது ரெஜிமெண்டைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்த 7 டாலரை வாங்காதவர்களின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?” என்றார். அடுத்த வாரம் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய் ரெஜிமெண்ட் பட்டியலைக் கேட்கப் போகிறேன். எந்தப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கலாம் என்று பூச்சி அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.